மருத்துவத் தரவுகளும் பிரித்தானியத் தமிழரும்: விலகி நிற்பது பாதுகாப்பாகுமா?

இங்கிலாந்தின் வைத்தியசாலை வரவேற்பு மேசைகளில் நோயாளியிடம் நீட்டப்படும் படிவத்தில் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றுக்குக் கீழே இனப்பின்னணி குறித்த வினா ஒன்றும் இருப்பது வழக்கம். இந்தியர், பாக்கிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அங்கே ஒரு பெட்டி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ, வன்னியிலிருந்தோ, மட்டக்களப்பிலிருந்தோ வந்து சேர்ந்த தமிழருக்கு அதில் பெட்டி இல்லை. 'வேறு ஆசியப் பின்னணி' என்ற பெட்டியில் அடையாளமிட்டுக் கொடுப்போர் சிலர். 'இந்தியர்' என்று போட்டுவிடுவோர் சிலர். 'எதற்கு வீண் வம்பு' என்று வெறுமையாக விட்டுவிடுவோர் பலர்.

இது வெறும் படிவச் சிக்கல் அன்று. அந்தப் பெட்டியில் இடப்படும் குறி, இரத்த அழுத்த அளவு, சர்க்கரையின் அளவு, கொடுக்கப்பட்ட மருந்து, அனுமதிக்கப்பட்ட நாள், வெளியேறிய நாள் ஆகியவற்றோடு சேர்ந்து கணினியில் பதிவாகின்றது. நோயாளி வீடு திரும்பிவிடுவார்; பதிவு அங்கேயே இருக்கும். 1948 யூலை 5 ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய சுகாதார சேவை, நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டிருப்பதனாலும், இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்றை வழங்கியிருப்பதனாலும், அதன் பதிவுகள் மருத்துவ ஆய்வுக்குக் கிடைத்தற்கரிய வளமாக விளங்குகின்றன. பிரித்தானிய அரசும் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 60 கோடி பவுண் வரையிலான செலவில் சுகாதாரத் தரவு ஆய்வுச் சேவை ஒன்றை நிறுவப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தமை, இந்த வளத்தின் பெறுமதியை அரசு நன்கு உணர்ந்துள்ளது என்பதைக் காட்டுகின்றது.

இந்நிலையில் தமிழரிடையே அவ்வப்போது ஓர் அறிவுரை கேட்கின்றது: "உங்கள் மருத்துவத் தரவுகளை ஆய்வுக்குக் கொடுக்காதீர்கள், விலகிக்கொள்ளுங்கள்." விலகும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 2018 மே மாதம் முதல் இங்கிலாந்தில் அது முறைப்படி நடைமுறையில் உள்ளது. விலகியவருக்குச் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கப்படுவதில்லை. அந்த உரிமையை எவரும் பறிக்கக் கூடாது. ஆயினும், ஒரு சமூகமே திரண்டு விலகிக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று எண்ணுவது பெருந்தவறு. அது திருடன் வராத கதவைப் பூட்டிவிட்டு, அவன் வரும் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பானது.

பதிவேடுகள் காப்பாற்றிய உயிர்கள்

தெற்காசியர்களை மாரடைப்பு அதிகம் தாக்குகின்றது என்பதை இன்று சிறு பிள்ளையும் அறியும். பிரித்தானியாவில் இந்த உண்மையை நிலைநாட்டிய முக்கிய ஆய்வுகளுள் ஒன்று 1984 இல் வெளிவந்தது. மைக்கல் மார்மொட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 1970 முதல் 1978 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவான மரணங்களை இறந்தவர் பிறந்த நாட்டின் அடிப்படையில் பிரித்து ஆராய்ந்தபோது, இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தோரிடையே இதயநோய் மரணங்கள் உயர்ந்து நிற்பது தெளிவாயிற்று. மரணப் பதிவாளரின் அலுவலகத்தில் நாளாந்தக் கடமையாக எழுதப்பட்ட வரிகளே அந்த ஆய்வின் மூலப்பொருள்.

இன்னோர் எடுத்துக்காட்டு, தமிழர் வாழும் மற்றொரு நாடான டென்மார்க்கிலிருந்து கிடைக்கின்றது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998 இல் இலண்டனிலிருந்து கிளம்பிய கூற்று உலகெங்கும் பெற்றோரை நடுங்கவைத்தது. அந்தக் கூற்று 12 குழந்தைகளை வைத்துச் சொல்லப்பட்டது. 2002 இல் டென்மார்க்கின் ஆய்வாளர்கள், அந்நாட்டின் வழமையான பதிவேடுகளிலிருந்து 5,37,303 குழந்தைகளின் விபரங்களை எடுத்து ஆராய்ந்து, தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடையே ஓட்டிசம் அதிகமாகக் காணப்படவில்லை என்று காட்டினர். ஐந்து இலட்சம் பெற்றோரிடம் தனித்தனியே கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் இதைத் தொடங்கவேண்டும் என்றிருந்தால் அந்த ஆய்வு இன்றுவரை முடிந்திராது.

தன்னார்வலர்களை மட்டும் கொண்டு ஆய்வு செய்தால் போதாதா என்று கேட்கலாம். பிரித்தானியாவின் புகழ்பெற்ற உயிர்வங்கித் திட்டத்தில் 2006 முதல் 2010 வரை ஐந்து இலட்சம் பேர் தாமாக முன்வந்து இணைந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 95 வீதத்தினர் வெள்ளையர். நேரம் உள்ளவர், வசதி உள்ளவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் முன்வருவர். இரவு முழுவதும் எரிபொருள் நிலையத்தில் வேலை செய்துவிட்டுக் காலையில் கடை திறக்க ஓடுபவர் முன்வரமாட்டார். ஆனால், நெஞ்சுவலி வந்தால் அவரும் வைத்தியசாலைக்கு வந்தே ஆகவேண்டும். தன்னார்வத் திட்டங்களில் இடம்பெறாத மக்கள் இடம்பெறும் ஒரே இடம் வைத்தியசாலையின் வழமையான பதிவேடுதான்.

வெறுமையாக விட்டவர் வெள்ளையராகிறார்

பதிவேட்டில் அடையாளம் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் குடும்ப வைத்தியரிடம் பரிசோதனைக்குச் சென்றால், அடுத்த பத்து ஆண்டுகளில் அவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை வீதம் என்பதைக் கணினி கணித்துச் சொல்கின்றது. கியூறிஸ்க் என்று அழைக்கப்படும் அந்தக் கணிப்பு முறை, குடும்ப வைத்தியர்களின் வழமையான பதிவுகளிலிருந்தே உருவாக்கப்பட்டது. வாய்ப்பு 10 வீதமோ அதற்கு மேலோ என்றால் கொலஸ்ரரோலைக் குறைக்கும் மாத்திரையை வழங்குமாறு 2014 ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டல் கூறியது. அதற்குக் கீழே என்றால் மாத்திரை பற்றிய பேச்சே எழாமற் போகக்கூடும். ஆகவே அந்த எண் ஒரு மனிதரின் ஆயுளோடு தொடர்புடையது.

2008 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு, ஏறத்தாழ 23 இலட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டு, இனப்பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தியர், பாக்கிஸ்தானியர், வங்காளதேசத்தவர் ஆகியோருக்குத் தனித்தனி வகைகள் உண்டு. தமிழர் என்றோ இலங்கையர் என்றோ வகை இல்லை. அவர்கள் 'ஏனைய ஆசியர்' என்ற வகைக்குள் சேர்க்கப்படுகின்றனர். வேறு பல ஆசியச் சமூகத்தினரோடு, சோறும் இடியப்பமும் புட்டும் உண்டு வளர்ந்த, நீரிழிவு குடும்பத்துக்குக் குடும்பம் தொடரும் ஒரு சமூகத்தின் இதயமும் அங்கே ஒரே சராசரியாக்கப்படுகின்றது.

இதைவிடக் கொடியது அடுத்த செய்தி. இனப்பின்னணி பதிவாகாதவர்களை அந்தக் கணிப்பு முறை என்ன செய்தது? வெள்ளையரோடு சேர்த்தது. 'வெள்ளையர் அல்லது குறிப்பிடப்படாதவர்' என்பது அங்கே ஒரே வகை. ஆக, வம்பு வேண்டாம் என்று பெட்டியை வெறுமையாக விட்ட தமிழர் கணக்கிலிருந்து தப்பிவிடவில்லை. வேறொருவரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டார். ஓர் ஆங்கிலேயரின் இதயத்துக்குரிய அபாயம் அவருடைய இதயத்துக்குரியதாகக் கணிக்கப்படுகின்றது.

கொரோனாக் காலத்திலும் இதுவே நடந்தது. 2020 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பென் கோல்டேக்கர் உள்ளிட்ட குழுவினர், இங்கிலாந்தில் 1 கோடி 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் குடும்ப வைத்தியப் பதிவுகளை 10,926 கொரோனா மரணங்களோடு இணைத்து ஆராய்ந்தனர். தெற்காசியரும் கறுப்பினத்தவரும் வெள்ளையரைவிட அதிக அபாயத்தில் இருந்தமையும், ஏழ்மையோ ஏனைய நோய்களோ மட்டும் அதற்கு முழு விளக்கமாகாமையும் அதில் வெளிப்பட்டன. இரண்டாம் அலையில் வங்காளதேசத்தவரும் பாக்கிஸ்தானியரும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டமையைப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகள் காட்டின. அச்சமூகங்களின் தலைவர்கள் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் கேள்வி கேட்க முடிந்தது. அந்த அட்டவணைகளில் தமிழர் என்ற வரிசையே இல்லை. கடைகளிலும், பேருந்துகளிலும், முதியோர் இல்லங்களிலும், வைத்தியசாலைகளிலும் முன்னின்று உழைத்த ஒரு சமூகத்தின் இழப்பை எந்த எண்ணைக் கொண்டு எவர் கேட்பது?

அச்சத்துக்கு நியாயம் உண்டு

தமிழர் பட்டியல்களுக்கு அஞ்சுவதை அறியாமை என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். 1983 யூலையில் கொழும்பின் வீதிகளில் இறங்கிய காடையரின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீடு தமிழர் வீடு என்பதை அவர்கள் தேடி அலையவில்லை, வாசித்துக்கொண்டு வந்தார்கள். அந்த நாளை நேரில் கண்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்று இலண்டனில் வாழ்கின்றனர். 'உங்கள் இனத்தை எழுதுங்கள்' என்று ஓர் அலுவலகம் கேட்கும்போது அவர்களின் கை தயங்குவது இயல்பே.

பிரித்தானிய அரசும் அந்தத் தயக்கத்தைப் போக்கும் வகையில் நடந்துகொள்ளவில்லை. 2013 இல் அறிவிக்கப்பட்ட 'கெயார் டேற்றா' திட்டம் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை மையத்தில் திரட்ட முனைந்தது. 2014 தொடக்கத்தில் வீடு வீடாகப் போடப்பட்ட துண்டுப்பிரசுரம் விளம்பரத் தாள்களோடு கலந்து குப்பைக்குப் போனது. அதே ஆண்டு பெப்ரவரியில், 13 ஆண்டுகளுக்குரிய வைத்தியசாலைப் பதிவுகள் காப்புறுதித் துறைக் கணிப்பாளர்களின் சங்கமொன்றுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. திட்டம் இடைநிறுத்தப்பட்டு, 2016 யூலையில் கைவிடப்பட்டது.

2015 இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலை அறக்கட்டளை, சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டி அறிவிக்கும் செயலி ஒன்றுக்காக 16 இலட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கூகிளுக்குச் சொந்தமான டீப்மைண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நோயாளிகளுக்கு அது முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்றும், தரவுப் பாதுகாப்புச் சட்டம் பின்பற்றப்படவில்லை என்றும் 2017 யூலையில் தகவல் ஆணையர் அலுவலகம் தீர்ப்பளித்தது. 2021 மே மாதத்தில் குடும்ப வைத்தியப் பதிவுகளைத் திரட்டும் மற்றொரு திட்டம் சில வார கால அவகாசத்தோடு அறிவிக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகிக்கொண்டதும் அதுவும் காலவரையறையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. கேட்காமல் எடுப்பது, பிடிபட்டதும் நிறுத்துவது, பின்னர் வேறு பெயரில் வருவது என்ற இந்தப் பாங்கு, ஆய்வு என்ற நல்ல சொல்லுக்கே களங்கம் கற்பித்துவிட்டது.

இவை அனைத்திலும் தமிழரை நேரடியாகச் சுட்டது 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்பாடுதான். குடிவரவு அதிகாரிகள் தேடும் நபர்களின் முகவரி போன்ற விபரங்களைச் சுகாதார சேவையின் தரவு அமைப்பு உள்துறை அமைச்சுக்கு வழங்குவதற்கு அது வழிசெய்தது. நோய்க்கு மருந்து தேடிச் சென்ற இடமே காட்டிக்கொடுக்கும் இடமாகும் என்றால், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒரு தாய் காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை எங்கே கொண்டுபோவாள்? வைத்தியர் அமைப்புகளும் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவும் கடுமையாக எதிர்த்ததன் பின்னர், 2018 மே மாதத்தில் அந்நடைமுறை நிறுத்தப்பட்டது. அதுவரை அது நடந்தது என்பதை மறக்க முடியாது.

எந்தக் கதவு பூட்டப்படுகின்றது?

இங்கேதான் 'விலகிக்கொள்ளுங்கள்' என்னும் அறிவுரையின் ஓட்டை தெரிகின்றது. உள்துறை அமைச்சுக்குப் போனவை ஆய்வுத் தரவுகள் அல்ல. அவை நோயாளியின் பெயர், முகவரி, பிறந்த திகதி ஆகியவற்றைக் கொண்ட நிர்வாகப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆய்விலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தவரின் முகவரியும் அதே நிர்வாகப் பதிவில்தான் இருந்தது, இன்றும் இருக்கின்றது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் விலகல் செல்லாது. ஆய்வாளருக்குக் கதவை அடைப்பதால் அதிகாரிக்குக் கதவு அடைபடுவதில்லை. அந்த உடன்பாட்டை வீழ்த்தியது விலகல் படிவம் அன்று. வெளிப்படையான எதிர்ப்பும், நாடாளுமன்றக் குழுவின் விசாரணையுமே அதனை வீழ்த்தின.

பட்டியலில் இருந்ததனால் 1983 இல் தமிழர் கொல்லப்பட்டனர் என்பது எவ்வளவு உண்மையோ, கணக்கில் விடுபட்டதனால் 2009 இல் தமிழர் மடிந்தனர் என்பதும் அவ்வளவு உண்மை. வன்னியில் சிக்குண்டோர் ஓர் இலட்சத்துக்கும் குறைவானோரே என்று சிறிலங்கா அரசு சாதித்தது. அந்தக் கணக்குக்கு ஏற்பவே உணவும் மருந்தும் அளவு குறைத்து அனுப்பப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை இதனைப் பதிவுசெய்துள்ளது. வன்னியின் கொடுமையையும் இலண்டன் வைத்தியசாலைப் படிவத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அங்கே கற்ற பாடம் இங்கும் பொருந்தும்: எண்ணப்படாத மக்களுக்கு மருந்து ஒதுக்கப்படுவதில்லை.

தரவு நகரத் தேவையில்லை

அச்சமும் தேவையும் இரண்டுமே நியாயமானவை என்றால் வழி என்ன? வழி ஏற்கெனவே உண்டு; கணினித் துறை அதனைச் செய்து காட்டியும் விட்டது.

பழைய முறையில், ஆய்வாளர் கேட்டதும் பதிவுகளின் பிரதி ஒன்று வட்டிலோ இணையவழியிலோ அவருக்கு அனுப்பப்பட்டது. பெயரை நீக்கிவிட்டோம், இனி எவரென்று தெரியாது என்று சொல்லப்பட்டது. அது வெற்றுச் சமாதானம். பெயர் நீக்கப்பட்ட மருத்துவத் தரவிலிருந்து மாசசூசெற்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே அடையாளம் காண முடியும் என்பதை லற்றான்யா சுவீனி 1990களிலேயே நிரூபித்தார். பிறந்த திகதி, பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். சிறிய சமூகங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு சிறு நகரில் எண்பது வயதுத் தமிழ் மூதாட்டி ஒருவரே இருந்தால், பெயர் எதற்கு?

புதிய முறையில் பிரதி எங்கும் செல்வதில்லை. காணிப் பதிவகத்தில் உறுதியின் விபரம் தேடுபவர் அங்கேயே அமர்ந்து ஏட்டைப் பார்வையிடுவார். ஏட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அவருக்கு அனுமதியில்லை. அதுபோலவே, 2020 இல் கொரோனா ஆய்வுக்காக அமைக்கப்பட்ட 'ஓப்பன் சேவ்லி' என்ற கட்டமைப்பில், ஆய்வாளர் போலித் தரவுகளை வைத்துத் தமது நிரலை எழுதுகின்றார். அந்த நிரல் பதிவுகள் இருக்கும் இடத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இயக்கப்படுகின்றது. தனிநபரின் பதிவு ஆய்வாளரின் கண்ணில் படுவதே இல்லை. கூட்டுத்தொகைகள் மட்டும், மிகச் சிறிய எண்ணிக்கைகள் மறைக்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்ட பின்னர், வெளியே வருகின்றன. யார், எந்த நாளில், என்ன கேள்வி கேட்டார் என்ற பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. 2022 ஏப்ரலில் அரசுக்காகக் கோல்டேக்கர் வழங்கிய அறிக்கை, பிரதிகளை அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு இத்தகைய பாதுகாப்பான சூழல்களையே ஆய்வுக்கு வழமையாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனவே, 'ஆய்வு வேண்டுமெனில் அந்தரங்கத்தை விட்டுக்கொடுங்கள்' என்று சொல்லும் அதிகாரியும், 'அந்தரங்கம் வேண்டுமெனில் ஆய்வைத் தடுங்கள்' என்று சொல்லும் அன்பரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

தொலைந்துபோகும் அடையாளம்

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். குடும்ப வைத்தியர்களின் கணினி மென்பொருள்களில் இனப்பின்னணிக்கான குறியீடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 'இலங்கையர்' என்பதற்கும், 'தமிழர்' என்பதற்கும் அங்கே குறியீடு உண்டு. வரவேற்பாளர் விரும்பினால் அதனைத் தெரிவு செய்யலாம். ஆனால் வைத்தியசாலைத் தரவுகள் நெடுங்காலமாக 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் 16 வகைகளையே பயன்படுத்தி வந்துள்ளன. அங்கே 'வேறு ஆசியப் பின்னணி' என்பது 'எல்' என்ற ஓர் எழுத்து. ஆய்வுக்கென வகைகளைச் சுருக்கும்போது தமிழர் என்ற குறியீடு அந்த ஓர் எழுத்துக்குள் கரைந்துவிடுகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறிப்பிட்டோர் 2011 குடிசன மதிப்பீட்டிலேயே ஓர் இலட்சம் அளவினர். ஓர் இலட்சம் மக்களின் அடையாளத்தைக் கரைப்பதற்கு எவரும் தீய எண்ணம் கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு மென்பொருள் அட்டவணையின் சில வரிகளே போதும். அதே வரிகளைத் திருத்தி மீட்கவும் முடியும். இது பணமில்லாத பிரச்சினை அன்று, கேட்பாரில்லாத பிரச்சினை.

பெயரும் ஒரு சிக்கலாகின்றது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஒரு படிவத்தில் முன்னும் மற்றொரு படிவத்தில் பின்னும் வருகின்றது. ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்கள். கடவுச்சீட்டில் ஒரு பிறந்த திகதி, வீட்டில் சொல்லும் திகதி வேறொன்று. இவற்றால் ஒருவரின் பதிவுகள் இருவருடையவை போலப் பிரிந்துவிடுகின்றன. இங்கிலாந்தின் வைத்தியசாலைப் பதிவுகளை இணைப்பதில் ஏற்படும் தவறுகள் சிறுபான்மை இனத்தவரிடையே அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஒரு கோப்பிலும், மருந்துச்சீட்டு மற்றொரு கோப்பிலும் இருந்தால் பாதிக்கப்படுவது ஆய்வு மட்டுமன்று, நோயாளியின் உயிருமே.

வங்காளதேசச் சமூகமும் பாக்கிஸ்தானியச் சமூகமும் கிழக்கு இலண்டனில் 2015 முதல் தமது மக்களுக்கென்றே நடைபெறும் மரபணு ஆய்வுத் திட்டத்தில் பல்லாயிரக்கணக்கில் இணைந்து, தமது சுகாதாரப் பதிவுகளையும் அதனோடு இணைக்க ஒப்புதல் அளித்துள்ளன. அச்சமூகங்களுக்கும் அச்சம் இல்லாமலில்லை. கேள்வி கேட்டு, விளக்கம் பெற்று, தமது மொழியில் உரையாடி முன்வந்தனர்.

கேட்க வேண்டியவை

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ் அமைப்புகள் நினைவு நாள்களுக்கும் பேரணிகளுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கையேனும் இந்தப் பணிக்கு ஒதுக்குவது இன்றியமையாதது. புதிய தரவு ஆய்வுச் சேவையின் விதிகள் வகுக்கப்படும் வேளையில் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் ஐந்து கோரிக்கைகள் முன்வைக்கப்பட வேண்டும்.

முதலாவது, தமிழர் என்ற குறியீடு குடும்ப வைத்தியரின் கணினியிலிருந்து ஆய்வு அட்டவணை வரை கரையாமல் சென்றடைய வேண்டும். இரண்டாவது, தனிநபர் பதிவுகளின் பிரதி எந்த நிறுவனத்துக்கும் அனுப்பப்படக் கூடாது. ஆய்வு பாதுகாப்பான சூழலுக்குள்ளேயே நடைபெற வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு ஆய்வும், அதனைச் செய்தவரும், அதன் முடிவும் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட வேண்டும். நான்காவது, குடிவரவு அதிகாரிகளும் காப்புறுதி நிறுவனங்களும் சுகாதாரப் பதிவுகளை அணுகுவதற்கான தடை, மாறிவரும் அரசுகள் கிழித்தெறியக்கூடிய உடன்பாடாக அன்றி, நாடாளுமன்றம் இயற்றும் சட்டமாக இருக்க வேண்டும். ஐந்தாவது, விலகும் உரிமையும் பங்கேற்பதன் பயனும் தமிழில், பாட்டிமாருக்கும் புரியும் தமிழில், எழுதி வழங்கப்பட வேண்டும்.

வதிவிட உரிமை கிடைக்காத ஒருவரிடம் 'அரசை நம்புங்கள்' என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. நான்காவது கோரிக்கை நிறைவேறும்வரை அவருடைய தயக்கம் நியாயமானதே. ஆனால் குடியுரிமை பெற்று, வீடு வாங்கி, வாக்களித்து, வரி செலுத்தி வாழும் பெரும்பான்மையினருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது, தமது இனப்பின்னணி என்னவென்று பதிவாகியுள்ளது என்று வரவேற்பாளரிடம் கேட்பதற்கும், 'தமிழர்' என்று திருத்தித் தருமாறு கோருவதற்கும், பெயரும் பிறந்த திகதியும் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று சரிபார்ப்பதற்கும் ஐந்து நிமிடம் போதும். வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் உடன் சென்று இதனைச் செய்யலாம்.

கொழும்பில் பட்டியலை வைத்திருந்தவர்களிடம் கேள்வி கேட்கத் தமிழரால் முடியவில்லை. இலண்டனில் முடியும். அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொள்வது, அடுத்த தலைமுறையின் இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் பிறருடைய கணக்கிலிருந்து மருந்து தேடவைப்பதாகவே முடியும்.